வண்டி நிறுத்திய இடம்

கல்யாண வீட்டுப் பந்தியில் எங்கள் வயதுக்காரர்கள் நாலு பேர் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்துவிட்டால், சாம்பார் முடிந்து ரசம் வருவதற்குள் பேச்சு அங்கே வந்துவிடும். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்னண்ணே தெரியும்? பம்பரம் தெரியுமா, செல்லாங்குச்சி தெரியுமா? எந்நேரமும் போனைப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருக்குதுக." எதிர் இலைக்காரர் பொரியலை வழித்தபடி தலையாட்டுவார். பாயசத்துக்குள் ஒருமனதாகத் தீர்ப்பு எழுதியிருப்போம்: பிள்ளைகள் கெட்டுப்போய்விட்டன, கெடுத்தது செல்போன். கை கழுவிவிட்டு வெளியே வந்தால் மண்டபத்துத் தெருவின் இரண்டு ஓரத்திலும் எங்கள் கார்கள் நிற்கும். அவை நிற்கிற இடத்தில் முன்பு என்ன நடந்தது என்று எங்களில் ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் தீர்ப்பை மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

தெருவைப் பிள்ளைகளிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள் நாம்தான். ஒரே நாளில் பிடுங்கியிருந்தால் அவர்களாவது அழுது புரண்டிருப்பார்கள், நமக்கும் உறைத்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் சொல்லி எடுத்தோம். அந்த நியாயங்கள் பொய்யும் அல்ல. அதனால்தான் இவ்வளவு காலம் கண்ணில் படாமல் போயிற்று.

நான் வளர்ந்தது மதுரையில், மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் நடுவே ஓடும் சந்து ஒன்றில். எதிரெதிரே இரண்டு சைக்கிள் வந்தால் ஒருவர் காலை ஊன்றி நிற்க வேண்டிய அகலம். அதற்குள் விளையாட்டுக்குப் பருவம் இருந்தது. யார் நாள் குறித்தார்கள் என்பது இன்றுவரை விளங்காத விஷயம். எல்லார் டவுசர் பையிலும் கோலி குலுங்கிக்கொண்டிருக்கும். திடீரென்று ஒருவன் பம்பரத்தோடு வருவான். அன்று சாயங்காலத்துக்குள் சந்து முழுக்கப் பம்பரம், கோலிகள் எல்லாம் டப்பாவுக்குப் போயிருக்கும். ஆடிக் காற்றுக்குப் பட்டம். பேந்தாவில் தோற்றவன் முட்டியாலேயே கோலியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். தோல் உரியும், அழக் கூடாது. வட்டத்துக்குள் மாட்டிய பம்பரத்தின் தலையில் மற்றவர்கள் ஆணியால் குத்துவதற்கு ஆக்கர் என்று பேர். புதுப் பம்பரத்தில் முதல் ஆக்கர் விழுந்த அன்று ராத்திரி சோறு இறங்காது.

இதில் எனக்கு இப்போது பெரிதாகப் படுவது ஒப்புக்குச் சப்பாணி. ஆட வயது வராத பொடிசு ஒன்று அக்காவோடு ஒட்டிக்கொண்டு வந்து நிற்கும். அதைத் துரத்த மாட்டோம். ஆட்டத்தில் உண்டு, ஆனால் அவுட் கிடையாது, பிடிபட்டாலும் கணக்கில்லை. அது பாட்டுக்கு ஓடும், விழும், தான் ஜெயித்ததாக நினைத்துக்கொள்ளும். எந்தப் பெரியவரும் இதைச் சொல்லித்தரவில்லை. இன்று ஒரு மூன்று வயதுப் பிள்ளையைப் பத்து வயதுப் பிள்ளைகளோடு சேர்த்துவிட வேண்டுமென்றால் நாம் ஒரு வகுப்பில் பணம் கட்ட வேண்டும். அங்கேயும் வயது வாரியாகப் பிரித்துவிடுவார்கள்.

தேவநேயப் பாவாணர் தமிழ்நாட்டு விளையாட்டுகளைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். சொல்லாராய்ச்சியில் மூழ்கிக் கிடந்த மனிதர், சிறுவர் ஆட்டங்களை ஆண்பால், பெண்பால், இருபால் என்றும், பகலாட்டு, இரவாட்டு என்றும் பிரித்து, ஒவ்வொன்றையும் ஆடும் முறையோடு எழுதி வைத்தார். அதில் தேவைப்படும் பொருள்களைப் பார்த்தால் கல், கொட்டை, குச்சி, கயிறு, இப்படித்தான். கடைக்குப் போய் வாங்க வேண்டியது சொற்பம். பெரும்பாலான ஆட்டத்துக்கும் பொதுவாக வேண்டியது வெறும் தரை. அந்தத் தரையைத்தான் நாம் விட்டுவைக்கவில்லை.

முதலில் போனது திண்ணை. எங்கள் சந்தில் அநேகமாக எல்லா வீட்டிலும் இருந்தது. வெற்றிலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அப்பத்தாக்களுக்கு எந்தப் பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை, எவன் எந்த வகுப்பில் பெயிலானவன் எல்லாம் அத்துப்படி. புது ஆள் நுழைந்தால், "யாரு வேணும் தம்பி?" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரல் இருந்த வரைக்கும் எங்களைத் தனியாகக் காவல் காக்க ஆள் தேவைப்படவில்லை. பிறகு முன்னறை சின்னதாகத் தெரிந்தது. டிவி வந்துவிட்டது, எதிரே சோபா போட வேண்டும். ஒரு வீட்டில் திண்ணையைச் சேர்த்துச் சுவர் எழுப்பினார்கள், இன்னொரு வீட்டில் அதையே கடையாக்கி வாடகைக்கு விட்டார்கள், மற்றவர்கள் திருட்டுப் பயத்தில் கிரில் வைத்தோம். எங்கள் வீட்டில் கிரில் வைத்த அன்று நான்தான் கொல்லருக்கு அளவு பிடித்துக் கொடுத்தேன். பெருமையாக இருந்தது.

1987-இல் ஞாயிறு காலை ராமாயணத் தொடர் ஓடிய நேரத்தில் சந்து வெறிச்சோடிக் கிடக்கும். அது வாரத்தில் ஒரு பொழுதுதான், போனால் போகிறது. 1993-இல் சன் டிவி வந்து, அப்புறம் நெடுந்தொடர்கள் சாயங்காலங்களைப் பிடித்துக்கொண்டபோது அப்பத்தாக்களும் உள்ளே போய்விட்டார்கள். தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் போன பிறகு, தெரு பயமாக இருக்கிறது என்று பிள்ளைகளையும் உள்ளே கூப்பிட்டோம். அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. பிள்ளைகளுக்கு என்னென்ன நடக்கிறது என்று தினமும் படிக்கிறோம். 2012-இல் அதற்கென்றே போக்சோ சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஆனால் பயத்துக்குப் பதிலாக நாம் செய்தது கதவைச் சாத்தியது மட்டும்தான். வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு ஒரு மணி நேரம் உட்கார நமக்கு முடியவில்லை.

அப்புறம் வண்டிகள். 1980-இல் டிவிஎஸ் 50 வந்தது. அதைக் கைத்தாங்கலாகத் தூக்கி நடையில் ஏற்றிவிடலாம். அதற்குப் பின்னால் வந்த கனமான வண்டிகளைத் தூக்க முடியவில்லை. படிக்கட்டை உடைத்து, தெருவுக்குள் இரண்டடி மூன்றடி நீட்டிச் சரிவு போட்டோம். அந்தச் சரிவுதான் நொண்டிக் கோடு போட்ட இடம். ரோடு போட்டுப் போட்டு வீடு பள்ளமாகிவிட்டது என்று இன்றும் குறைபடுகிறோம். அது உண்மைதான். சரிவுக்கு யாரிடமும் அனுமதி கேட்காததும் உண்மைதான். 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 கார்கள் விற்பனைக்கு வந்தபோது எங்கள் ஆட்களில் யாரும் வாங்கும் நிலையில் இல்லை. அடுத்த இருபது வருடத்தில் நாங்களும் வாங்கினோம். தமிழ்நாட்டுக் கட்டட விதிகளில் ஒரு கார் நிறுத்த ஐந்து மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம் என்று கணக்கு. பன்னிரண்டரை சதுர மீட்டர். ஒரு நொண்டிக் கட்டமும் அதன் பக்கத்தில் தட்டாங்கல் ஆட நாலு பெண்களும் அதற்குள் தாராளமாக அடங்குவார்கள். வாரத்தில் ஐந்து நாள் அசையாமல் நிற்கும் என் காரும் அதற்குள் அடங்குகிறது.

தெரு ஒரு தடவை திரும்பக் கிடைக்கப் பார்த்தது. 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது. ஆரம்பத்தில் சில ராத்திரிகள் எல்லோரும் விசிறியோடு வெளியே வந்தோம். யார் யார் எதிர் வீட்டில் இருக்கிறார்கள் என்றே அன்றுதான் தெரிந்தது. இருட்டில் பிள்ளைகள் ஐஸ் பாய் ஆடினார்கள். மறைந்துகொள்ளக் காரைவிட நல்ல இடம் உண்டா என்று நாங்களே சிரித்தோம். கரண்ட் வந்ததும் தெருவே கூச்சலிடுகிற அந்தப் பழைய சத்தமும் திரும்பக் கேட்டது. பிறகு ஒவ்வொரு வீடாக இன்வெர்ட்டர் வாங்கினோம். இன்வெர்ட்டர் வாங்கிய வீட்டு ஆள் வெளியே வருவதை நிறுத்தினார், வாங்காத வீட்டுக்காரருக்கு வெளியே தனியாக உட்காரக் கூச்சம். மின்வெட்டைத் திட்டிய அளவுக்கு அந்த ராத்திரிகளை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. மின்வெட்டு வேண்டும் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா. பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் பட்ட பாடும் தெரியும். வெளியே வர நமக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

பழையதைப் பேசும்போது நமக்கு இன்னொரு வசதி இருக்கிறது. வேண்டியதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம். மதுரைக்காரர்களுக்கு வண்டியூர் தெப்பக்குளம் என்றால் கிரிக்கெட். திருமலை நாயக்கர் காலத்துக் குளம். வருடத்தில் பெரும்பகுதி வறண்டு கிடந்ததால் அதற்குள் ஒரே நேரத்தில் பல ஆட்டங்கள் நடக்கும், ஒரு ஆட்டத்துப் பந்து இன்னொரு ஆட்டத்துக்குள் போய்ச் சண்டை வரும். வைகை மணலிலும் அப்படித்தான். அந்தச் சந்தோஷத்தை எத்தனையோ தடவை உருகி உருகிச் சொல்லியிருக்கிறோம். குளத்தில் ஏன் தண்ணீர் இல்லை, ஆற்றில் ஏன் மணல்வெளி என்று ஸ்டம்பு நட்ட ஒருத்தனும் கேட்டதில்லை. கேட்கிற வயதா அது என்றால், கேட்கிற வயது வந்த பிறகும் கேட்கவில்லை. தண்ணீர் இல்லாதது எங்களுக்கு லாபமாக இருந்தது. இப்போது சில வருடங்களாகத் தெப்பக்குளத்தில் தண்ணீர் நிற்கிறது, சாயங்காலம் சுற்றிலும் கூட்டம். கிரிக்கெட் போயிற்றே என்று ஒரு நண்பன் நிஜமாகவே வருத்தப்பட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, எனக்கும் ஒரு நொடி அப்படித்தான் இருந்தது.

எங்கள் சந்து முனை டீக்கடையில் கிளாஸ் கழுவிய பையனுக்கும் எங்கள் வயதுதான். பந்து சாக்கடையில் விழுந்தால் அவனைத்தான் எடுத்துத்தரச் சொல்வோம். எடுத்து, கழுவி, வீசுவான். அவனை ஒருநாளும் ஆட்டத்தில் சேர்க்கவில்லை, ஒப்புக்குச் சப்பாணியாகக்கூட. அவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்பது எங்களுக்குத் தெரியும். சேர்க்காததற்குக் காரணம் முதலாளி திட்டுவார் என்பது மட்டும் அல்ல. அதேபோல, எங்களைவிட வேகமாக ஓடிய ஒரு அக்கா திடீரென்று தெருவுக்கு வருவதை நிறுத்தினாள். வயசுக்கு வந்துவிட்டாள் என்றார்கள். அதற்கப்புறம் அவளைத் தாயக்கட்டம் வரைந்த திண்ணையில் பார்த்தோம், பிறகு ஜன்னலில். அணிக்கு ஆள் குறைந்தது என்பதுதான் எங்கள் கவலை. அந்தக் காலம் எல்லோருக்கும் பொற்காலம் என்று வாட்ஸ்அப்பில் படம் போடும்போது அந்த இரண்டு பேரிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

தொ. பரமசிவன் பல்லாங்குழியைப் பற்றி எழுதியபோது, அதில் எல்லோரும் சம அளவு காய்களோடு தொடங்கி, முடிவில் ஒருவரிடம் எல்லாம் போய்ச் சேர்ந்து மற்றவர் இழந்து நிற்பதைக் கவனித்தார். தனிச்சொத்து எப்படிப் பிறந்தது என்பதோடு அதைச் சேர்த்துப் பார்த்தார். மழைக்கால மத்தியானங்களில் புளியங்கொட்டையை அள்ளி அள்ளிப் போட்டு ஆடிய நமக்கு அப்படித் தோன்றியதில்லை. தெருவிலும் அதைத்தான் ஆடியிருக்கிறோம் என்று இப்போது தோன்றுகிறது. பொதுவில் கிடந்ததைச் சரிவாக, கிரில்லாக, கார் நிறுத்தமாக ஒவ்வொருவரும் தன் குழியில் சேர்த்துக்கொண்டோம். இழந்த பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் நம் பிள்ளைகள்.

சந்து நெருக்கடியாகிவிட்டது என்று ஊருக்கு வெளியே மனை வாங்கி வந்தோம், நான் உட்பட. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் போக மிச்சத்தில் 10 சதவீதம் பொது இடமாக விட வேண்டும் என்று விதி இருக்கிறது. வரைபடத்தில் அந்த இடம் பச்சையாக இருந்தது. மனை பார்க்க வந்தபோது தண்ணீர் எத்தனை அடியில், பஸ் எங்கே நிற்கும், பத்திரச் செலவு எவ்வளவு என்று குடைந்து குடைந்து கேட்ட ஒருவரும் பூங்கா எங்கே என்று கேட்கவில்லை. குடியேறியபின் அந்த இடத்தின் ஈசானிய மூலையில் பிள்ளையார் வந்தார். எனக்கும் சந்தோஷம்தான், நன்கொடைக் கல்வெட்டில் என் பெயர் மூன்றாவது வரிசையில் இருக்கிறது. பிறகு சங்கத்துக்கு ஒரு அறை, அதன் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. மிச்ச இடத்தில் நடைபாதைக் கல் பதித்து, நமக்குச் சர்க்கரை வந்துவிட்டதால் நாம் நடக்கிறோம். 'பந்து விளையாடக் கூடாது' என்ற போர்டைச் சங்கக் கூட்டத்தில் எதிர்ப்பில்லாமல் நிறைவேற்றினோம். குழந்தைகளுக்கு விளையாடும் உரிமை உண்டு என்று ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு சொல்கிறது. இந்தியா அதை 1992 டிசம்பரிலேயே ஏற்றுக்கொண்டது. எங்கள் காலனிக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

பள்ளிக்கூடத்திலும் நம் கைவரிசை உண்டு. விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்டபோது பெற்றோர் கூட்டத்தில் நாம் நன்றி சொன்னோம். பத்தாம் வகுப்பு என்றால் அந்தப் பீரியடே தண்டம் என்றோம். இப்படி எல்லா வாசலையும் அடைத்துவிட்டு, உள்ளே மிச்சமிருந்த ஒரே ஜன்னலாகிய செல்போனையும் நாமே வாங்கிக் கொடுத்தோம். சாப்பிட வைக்க முதலில் கொடுத்தோம், அழாமல் இருக்க அடுத்து. அப்புறம் நமக்கு நாலு வார்த்தை பேச நிம்மதி வேண்டுமென்று.

போன கோடை விடுமுறையில் இதைப் பற்றி எங்கள் தெருவில் பேச்சு வந்தது. தெருவை அடைத்துக்கொண்டு கார்கள் நிற்கின்றன. ஆனால் பெரும்பாலான வீடுகளில் கார் நிறுத்தத்தான் போர்ட்டிகோவே கட்டியிருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் பழைய வாஷிங் மெஷின், கால் ஒடிந்த கட்டில், வீடு கட்டியபோது மிஞ்சிய டைல்ஸ், காற்று இறங்கிய சைக்கிள். தூக்கிப் போட மனசில்லாத சாமானுக்கு நிழல், பிள்ளைகளுக்குத் தெருவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு முதல் ஆறு வரை எல்லோரும் வண்டியை உள்ளே ஏற்றிவிடலாம், முடியாதவர்கள் மெயின் ரோட்டு ஓரம் விடலாம் என்று ஒரு யோசனை. சொன்ன வேகத்தில் சரி என்றவர்கள் பாதிப் பேர். பழைய இரும்புக்காரருக்கு அந்த வாரம் நல்ல வியாபாரம்.

முதல் ஞாயிறு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பிள்ளைகள் வெளியே வந்தார்கள், வந்து நின்றார்கள். அடுத்து என்ன என்று எங்கள் முகத்தைப் பார்த்தார்கள். நாங்களோ ஆளாளுக்கு விதி சொல்லி, செல்லாங்குச்சிக்கு அளவு எப்படி எண்ணுவது என்று எங்களுக்குள்ளேயே சண்டை போட்டோம். மறந்தும் போயிருந்தது. கடைசியில் ஒரு பையன் வந்து, "அங்கிள், நீங்க கொஞ்ச நேரம் உள்ள போறீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டான். போனோம். அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது.

கண்ணாடி உடைந்தால் யார் காசு கொடுப்பது என்ற கேள்விக்கு ஒரு வழியாகப் பொதுவில் போட்டுக்கொள்வது என்று முடிவாயிற்று. டென்னிஸ் பால் மட்டும். ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிற தம்பி ஒருவர் வீட்டுப் பக்கம் கத்தக் கூடாது என்று பிள்ளைகளே கோடு போட்டுக்கொண்டார்கள். பக்கத்துத் தெருவில் கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கிற குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் முனையில் வந்து நிற்கிறார்கள். அவர்களைக் கூப்பிடுவதா என்று பெரியவர்களிடம் கேட்டால் இன்னும் சங்கடமான மௌனம் வருகிறது. கூப்பிட வேண்டும் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன், போய்க் கையைப் பிடித்து அழைத்து வராதவர்களிலும் நான் ஒருவன். இந்த ஞாயிறு அதைச் செய்தாக வேண்டும். கடைசி வீட்டு அம்மா இன்னும் காரை எடுக்கச் சம்மதிக்கவில்லை, டிரைவர் இல்லை என்கிறார். சாவியைக் கொடுத்தால் நாங்களே ஏற்றிவிட்டுத் திருப்பித் தருகிறோம் என்று சொல்லிப் பார்த்தோம். மே மாதம் அவருடைய பேரன் பெங்களூரிலிருந்து வருகிறானாம், அதற்குள் போய் இன்னொரு தடவை கேட்பதாக இருக்கிறோம்.